காலணாவில் வளர்ந்த கருணை

தீபாவளி நெருங்கும்போது நம் குடியிருப்புகளில் ஒரு காட்சியைக் காணலாம். ஒரு பை அரிசி, ஒரு டின் பிஸ்கட், ஒரு போத்தல் எண்ணெய். வரிசையில் தாய்மார்கள் நிற்பார்கள். கொடுப்பவர் ஒருபுறம், வாங்குபவர் மறுபுறம், எதிரே படம் பிடிப்பவர்.

கொடுப்பவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பசித்த வீட்டுக்கு அரிசி அரிசிதான். ஆனால், வாசகர்களே, ஒன்றை எண்ணிப் பாருங்கள். நம் கைகள் என்றைக்கும் வாங்குகிற கைகள்தானா? பால்மரம் சீவிப் பிழைத்த குடும்பங்களுக்குக் கொடுக்கத் தெரியாதா?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால், எதிர்பாராத ஓர் இடத்துக்குப் போகிறோம். புத்தரிடம்!

ஈப்போக்காரர்களுக்குப் புத்தர் புதியவர் அல்லர். பேராக் தோங், சாம் போ தோங் என்று சுண்ணாம்புக் குன்றுகளின் குகைகளில் அவர் வீற்றிருக்கிறார். “சீனர் கோயில்” என்று சொல்லிக்கொண்டே நாம் கடந்து போகிறோம். அந்தப் புத்தரின் பெயரால் தமிழ்ப் பாட்டாளிகளும் ஒரு காலத்தில் அரும்பணி செய்திருக்கிறார்கள். நம்மில் பலருக்கு அது தெரியாது.

அயோத்திதாசப் பண்டிதர் 1845-ல் பிறந்தவர். தீண்டத்தகாதவர்கள் என்று ஊர் ஒதுக்கிய மக்களிடையே தோன்றியவர். சித்த வைத்தியர். தம் மக்களின் முன்னோர் பௌத்தர்களாக இருந்தவர்கள், அதனாலேயே ஒடுக்கப்பட்டார்கள் என்பது அவர் கொண்ட முடிவு. 1898-ல் இலங்கைக்குச் சென்று பஞ்சசீலம் ஏற்றார். திரும்பி வந்து சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார்.

அவர் காட்டிய பௌத்தம் கண்ணை மூடி உட்காருவதோடு நிற்கவில்லை. எழுத்தறிவும் தன்மானமும் அதன் உயிர். 1907 ஜூன் 19-ஆம் நாள் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்ற வார இதழைத் தொடங்கினார். விலை காலணா. மறு ஆண்டு அதன் பெயர் ‘தமிழன்’ ஆயிற்று. ஏழை வாங்கிப் படிக்க வேண்டும், படிக்கத் தெரியாதவருக்குப் படித்தவர் வாசித்துக் காட்ட வேண்டும். அதற்காகத்தான் அந்த விலை.

அந்த இயக்கத்துக்குத் தோள் கொடுத்தவர்கள் யார் தெரியுமா? ஜமீன்தார்களா? இல்லை. கோலார் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளர்கள்! வட ஆற்காடு போன்ற பகுதிகளிலிருந்து பிழைப்புத் தேடிப் போனவர்கள். வெள்ளைக்காரக் கம்பெனிக்காகப் பூமிக்கு அடியில் இறங்கித் தங்கம் எடுத்தவர்கள். வெள்ளைக்காரத் துரையின் கீழ் லயத்து வீட்டில் வாழ்ந்த நம் பாட்டன் பாட்டிக்கு அவர்கள் உறவுக்காரர்கள் போலத்தான்.

மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீப்பிலும் அவர்கள் சங்கம் அமைத்தார்கள். உழைத்த காசில் பங்கு கொடுத்தார்கள். 1914-ல் பண்டிதர் மறைந்தார். பிறகு இதழும் நின்றுபோயிற்று. ஆனால் 1926-ல் அதே ‘தமிழன்’ ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்து மீண்டும் வெளிவந்தது. பண்டிதரின் நூல்களையும் தங்கவயல் அச்சிட்டுப் பரப்பியது. ஊர் எவர்களைக் கீழே வைத்ததோ, அவர்களே கொடுக்கிறவர்களாக நிமிர்ந்தார்கள்.

இதே வழியை வேறொரு நாட்டிலும் பார்க்கலாம். 1966-ல் தைவானின் ஹுவாலியன் என்ற ஊரில் செங் யென் என்ற பௌத்தப் பெண்துறவி தொண்டு தொடங்கினார். அவருடன் நின்ற முப்பது இல்லத்தரசிகள் தினமும் சந்தைச் செலவில் ஐம்பது காசு மிச்சம் பிடித்து மூங்கில் குழாயில் போட்டார்கள். மாதம் ஒருமுறை மொத்தமாகக் கொடுத்தால் போதாதா? போதாது என்றார் அவர். தினமும் காசு போடும்போது தினமும் பிறர் துன்பம் நினைவுக்கு வரும் அல்லவா? அந்தக் குழாயிலிருந்து வளர்ந்ததுதான் ச்சூ ச்சீ அறநிறுவனம். 1986-ல் ஹுவாலியனில் மருத்துவமனை எழுந்தது. நம் நாட்டிலும், பினாங்கில், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அவர்கள் இலவசமாக இரத்தச் சுத்திகரிப்புச் செய்கிறார்கள்.

புந்தோங் மக்களுக்குச் சிறு காசின் அருமையை யாரும் சொல்லித் தர வேண்டாம். கச்சாங் பூத்தே வறுத்து, பொட்டலம் பொட்டலமாக விற்றுக் குடும்பம் நிமிர்ந்த ஊர் இது. தோட்டத்திலும் அப்படித்தானே? லயத்தில் ஒரு சாவு விழுந்தால் வீட்டுக்கு வீடு காசு சேரும். எவருடைய படமும் எடுக்கப்படவில்லை. காரியம் மட்டும் நடந்தது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, நாம் பட்டணத்து அடுக்கு வீடுகளில் சிதறியபோது அந்தப் பழக்கமும் சிதறிவிட்டது. பக்கத்து வீட்டுக் கிழவி மூன்று நாளாகக் கதவு திறக்கவில்லை என்பதுகூட நமக்குத் தெரிவதில்லை.

மதம் மாறச் சொல்லவில்லை. மாரியம்மனைக் கும்பிடும் வீட்டிலும் ஒரு காலி மைலோ டின் இருக்கும். அதன் மூடியில் ஒரு கீறல் போட்டு, அம்மா நாளொன்றுக்கு இருபது காசு போடட்டும். ஐந்து வீடுகள் சேர்ந்தால் மாதம் முப்பது வெள்ளி. ஒரு பிள்ளைக்குப் பள்ளிக் காலணி ஆகும். ஒரு முதியவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும் டாக்சிக் கூலி ஆகும்.

அடுத்த தீபாவளிக்குள் உங்கள் டின் நிறைந்துவிடும். அதை எந்த வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று இன்றிரவு சோறு உண்ணும்போது பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். அவர்களுக்குத் தெரியும்.