கம்ப்யூட்டர் சத்தத்தை மறக்குமா?



லினக்ஸ் கம்ப்யூட்டரில் நேற்று நன்றாகக் கேட்ட சத்தம் இன்று கேட்காது. உடனே "ஸ்பீக்கர் போச்சு" என்று சொல்லிவிடுகிறோம். பல நேரம் ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கும்.

நமக்கு இது சின்ன எரிச்சல். கண் பார்வை இல்லாதவர்களுக்கு அப்படி இல்லை. லினக்ஸில் 'ஆர்க்கா' என்ற மென்பொருள் திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும். சத்தம் நின்றால் அவர்களுக்குத் திரையே அணைந்த மாதிரி. அதைச் சரிசெய்யும் இடத்தைத் தேடவும் சத்தம்தானே வேண்டும்!

ஏன் மறக்கிறது?

லினக்ஸில் ஒலி அட்டையை இயக்குவது 'அல்சா'. இதை யாரோஸ்லாவ் கைசெலா 1998-இல் தொடங்கினார். நாம் வைக்கும் சத்த அளவு கரும்பலகையில் எழுதியது போல. கரண்ட் போனால் அழிஞ்சிடும். முறையாக ஷட் டவுன் செய்தால், பெரும்பாலான லினக்ஸ்களில் அந்த அளவு ஒரு கோப்பில் எழுதப்படும். மறுபடி ஆன் செய்யும்போது அதைப் பார்த்து அப்படியே வைக்கும். திடீர்னு கரண்ட் போனால் எழுத நேரம் ஏது? பழைய அளவுதான் வரும்.

என்ன செய்யலாம்?

1. டெர்மினலைத் திறந்து 'அல்சாமிக்சர்' என்று ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடியுங்கள். எஃப்6 அழுத்தி ஒலி அட்டையைத் தேர்ந்தெடுங்கள்.

2. பட்டைக்குக் கீழே 'எம்எம்' என்றிருந்தால் சத்தம் மூடியிருக்கு. 'எம்' விசையை அழுத்தினால் '00' ஆகும். மேல் அம்புக்குறியால் சத்தத்தைக் கூட்டி, எஸ்கேப் அழுத்தி வெளியே வாங்க.

3. 'சூடோ அல்சாசிடிஎல் ஸ்டோர்' என்று அடித்துக் கடவுச்சொல் கொடுங்கள். அப்போதே கோப்பில் எழுதிவிடும். இனி கரண்ட் போனாலும் கவலை இல்லை.

எண் மாறும், பெயர் மாறாது

சில நேரம் ஸ்பீக்கரில் வர வேண்டிய சத்தம் மானிட்டருக்குப் போயிடும். லினக்ஸ் ஒலி அட்டைகளுக்கு 0, 1, 2 என்று எண் தரும். யுஎஸ்பி ஹெட்போன் புதிதாகச் சேர்ந்தால் எண் மாறலாம். வகுப்பில் புதுசா ஒருத்தி சேர்ந்தால் வருகைப் பதிவேட்டில் நம்ம எண் மாறுது, பெயர் மாறுவதில்லையே! அதனால் அமைப்புக் கோப்பில் எழுதும்போது அட்டையின் எண்ணை எழுதாமல் பெயரை எழுதுங்கள். 'ஏபிளே' என்று அடித்து, இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடும் 'எல்' எழுத்தும் சேர்த்தால் பெயர்கள் வரும்.

எந்த ஸ்பீக்கர் என்று டெஸ்க்டாப்பில் தேர்ந்தெடுப்பது அவரவர் கணக்கில்தான் பதியும். ஒரே கம்ப்யூட்டரில் நாலு பேருக்குக் கணக்கு இருந்தால், நாலு பேரும் ஒருமுறை தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஆகவே, ஸ்பீக்கரைக் குறை சொல்லும் முன் 'எம்எம்' இருக்கிறதா என்று பாருங்கள்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி