மழைக்குக் காத்திருக்கும் சுங்கான்

கண்டியைச் சூழ்ந்த மலையடிவாரங்களில் எஞ்சியுள்ள வயல்களின் வாய்க்கால்களைச் சேற்றோடு அள்ளிப் பார்த்தாற் சில வேளை சுங்கான் அகப்படும். தமிழகத்தார் இதனைத் தேளி என்பர். சிங்கள மக்கள் ஹூங்கா என்பர். செதிலற்ற கருந்தோலும், வாயைச் சுற்றி நான்கு சோடி மீசையும் உடையது இம்மீன்.

சென்ற ஆண்டு வைகாசி முடிவில், பருவமழை பிந்திய நாட்களில், எமது மாணவர் மூவர் இம்மீன்கள் ஐந்தை ஒரு பால்மாத் தகரத்தில் இட்டு ஆய்வுகூடத்துக்குக் கொணர்ந்தனர். அவர்களில் ஒருவன் விரலை மீன் குத்திவிட்டது. சுங்கானின் தோட்செட்டை முள்ளில் நஞ்சு உண்டு. தாங்கக்கூடிய சூடுள்ள வெந்நீரில் கையை அமிழ்த்தி வைத்த பின் வலி தணிந்தது. இக்கைமருந்தை வீட்டிலுள்ளோரும் அறிந்து வைத்தல் நன்று. தகரத்தில் இருந்ததோ இரண்டு விரற்கடை நீர். எனினும் மறுநாட் காலையில் ஐந்து மீன்களும் உயிரோடிருந்தன. செவுள் அறையிலிருந்து முதுகுத் தசையினூடே வாலை நோக்கிச் செல்லும் இரு நீண்ட காற்றுப் பைகள் இதற்கு உண்டு. அவற்றின் உதவியால் இம்மீன் வெளிக்காற்றையும் சுவாசிக்க வல்லது.

சைவ உணவினராகிய நாம் மீனை அறுத்துவிட்டு வீடு செல்லும் நாட்களிற் குழாயடியிலேதான் எமக்கு முதல் வரவேற்பு! அது நிற்க. அன்று முதலில் அறுத்தது ஒரு பெண்மீன். வயிற்றறையை நிறைத்துக்கொண்டு இரு சூலகங்கள் பைபோல் விம்மிக் கிடந்தன. பின்புறத்தில் அவை ஒன்றுகூடி, ஒரு குறுங்குழாயாகிப் புறத்தே திறந்தன. உள்ளே இளம்பச்சைச் சாயலுடைய முட்டைகள், சில ஆயிரம் இருக்கும்.

“இவ்வளவு முட்டை இருந்தும் ஏன் சேர் இது இன்னும் இடவில்லை?” என்றான் குத்துப்பட்ட மாணவன். அன்றைய பாடம் அக்கேள்வியோடு வேறு வழியிற் சென்றுவிட்டது.

சூலகச் சுவரிலுள்ள சின்னஞ்சிறு மூலக்கலங்களே முட்டைகளாகின்றன. முதலில் அவை பெருகும். பின்பு ஒவ்வொன்றும் மெல்ல வளரும். வளர்ச்சியிற் பெரும்பகுதி மஞ்சட்கருவைச் சேமிப்பதாகும். அதன் புரதம் சூலகத்திலே உண்டாவதன்று என்பது மாணவர்க்கு வியப்பாயிற்று. சூலகம் சுரக்கும் ஓமோன் குருதி வழியே ஈரலை அடைகிறது. ஈரல் அப்புரதத்தை ஆக்கிக் குருதியிலேயே திருப்பி அனுப்புகிறது. முட்டைகளோ அதனை உறிஞ்சிக் கொழுக்கின்றன. மகப்பேற்றுக்கு ஒரு வீடே திரண்டு உழைப்பதுபோல ஓர் உடலே இங்கு உழைக்கின்றது.

இவ்வாறு நிறைந்த முட்டையும் முதிர்ந்த முட்டை அன்று. அதன் கரு நடுவிலே அசையாதிருக்கும். புதுமழை வயலை நிரப்பி, நீரின் நிலை மாறும்போது மூளையின் அடிப்பகுதி கபச்சுரப்பிக்குச் செய்தி விடுக்கிறது. கபச்சுரப்பி சூலகத்துக்கு விடுக்கிறது. அதன் பின்னரே கரு ஓரத்துக்கு நகர்ந்து, அதன் உறை கரைந்து, நிறமூர்த்தங்கள் பாதியாகும் வேலை மேலே நடக்கிறது. பல மாத ஆயத்தத்துக்குப் பின் வரும் இவ்விறுதிப் படி ஒரு நாளுக்குள் முடிந்துவிடும். மாணவன் கேள்விக்கு விடை இதுவே: செய்தி இன்னும் வரவில்லை.

ஆண்மீனைப் புறத்தே சிறிது கூரிய முளையொன்றால் அறியலாம். உள்ளே இரு விதைகளும், அவற்றை அடுத்து விரல்கள்போற் பிரிந்த சுக்கிலப் பைகளும் உள. விதையிலே ஒரு கலத்தின் வழித்தோன்றல்கள் ஒரே சிற்றறையில் ஒன்றாக முதிர்ந்து விந்தணுக்களாகும். அவை உடலுக்குள் அசைவற்றிருந்து, நீரைத் தொட்டதும் விரைந்து நீந்தி, ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் ஓய்ந்துவிடும். முட்டையும் விந்தும் ஒரே வேளையில் ஒரே இடத்தில் விழுந்தாலன்றிப் பயனில்லை.

மழையின் செய்தியை மனிதன் கொடுக்க முடியுமா? 1930-ஆம் ஆண்டிலேயே ஆர்ஜென்டீனாவின் ஹூசே என்னும் அறிஞர் கபச்சுரப்பிச் சாற்றை மீனுக்கு ஏற்றி ஆராய்ந்தார். நமது சுங்கானின் முறை 1956-இல் வந்தது. எல். எஸ். ராமசுவாமி, பி. ஐ. சுந்தரராஜ் என்னும் இந்திய அறிஞர் இருவர், அச்சாற்றை ஊசி மூலம் ஏற்றி இம்மீனை முட்டையிடச் செய்ததை அவ்வாண்டு ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் வெளியிட்டனர். அடுத்த ஆண்டு யூலை 10-ஆம் நாள் ஒரிசாவின் அங்குலில் ஹீராலால் சௌத்ரி கெண்டையினத்தில் அவ்வெற்றியைக் கண்டார். இந்தியாவில் அந்நாளே மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. இன்று சுரப்பியைத் தேடி அலைய வேண்டுவதில்லை. செயற்கை ஓமோனுடன் டொம்பெரிடோன் சேர்ந்த மருந்து கிடைக்கிறது. வாந்திக்கு வைத்தியர் எழுதித்தரும் அதே டொம்பெரிடோன்தான்! மூளை இடும் ஒரு தடையை அது நீக்கிவிடுகிறது. எனினும் ஆண் சுங்கானின் வயிற்றை அழுத்தினால் விந்து எளிதில் வாராது. செயற்கைக் கருக்கட்டலுக்குப் பெரும்பாலும் அதனைக் கொன்றே விதையை எடுக்கின்றனர். இது எமக்கு உவப்பானதன்று.

வயலில் வாழும் மீனுக்கு ஊசி போடுவார் இல்லை. மழை பொய்த்தாலோ, மழை பெய்தும் நீர் பரவ இடமின்றேலோ, நிறைந்த முட்டைகள் சூலகத்திலேயே சிதைகின்றன. அவற்றைச் சூழ்ந்த கலங்கள் மஞ்சட்கருவை விழுங்கித் தாயின் உடலுக்கே திருப்பித் தருகின்றன.

மாணவர் மீன் பிடித்த வயலிற் பாதி, ஆடியில் மண்ணிட்டு நிரப்பப்பட்டது. கார்த்திகையில் அதே வாய்க்காலில் ஒரேயொரு பெண்மீன் அகப்பட்டது. அதன் சூலகத்தை மெல்லிதாகச் சீவி நுணுக்குக்காட்டியில் வைத்தோம். உருக்குலைந்த முட்டைகள் பல தெரிந்தன. முட்டையிட்ட மீனிலும் எஞ்சியவை இவ்வாறு சிதைவதுண்டு; ஒரு மீனைக் கண்டு ஊர்க்கதை சொல்லலாகாது என்று மாணவர்க்கு உரைத்தோம். அவர்கள் அதனைக் கொப்பியில் எழுதிக்கொண்டனர். குத்துப்பட்டவன் மாத்திரம், வயலின் மற்றைப் பாதி யாருடையது என்று விசாரித்துக்கொண்டிருந்தான்.