மீட்டர் 12 வோல்ட் காட்டுது, வண்டி மட்டும் ஏற மாட்டேங்குது

போன ஐப்பசியில அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். கோத்தகிரி பக்கம் கேரட் தோட்டம். மச்சான்கிட்ட பத்து வருஷப் பழைய பிக்கப் டிரக் ஒண்ணு இருக்கு, நாலு சக்கரமும் இழுக்கிற ரகம். தோட்டத்துல இருந்து தார் ரோட்டுக்கு ஏறுற மண்பாதை ரொம்பச் செங்குத்து. மழை பெய்ஞ்சா பின்சக்கரத்தை மட்டும் நம்பி மூட்டையோட ஏற முடியாது. ராத்திரிக்குள்ள ஏறினாத்தான் விடியக்காலம் மேட்டுப்பாளையம் மண்டி.

நான் போறதுக்கு முந்தின வாரம் பாதி ஏத்தத்துல வண்டியை நிறுத்தி, ஸ்விட்சை ஃபோர் எல்லுக்குத் திருப்பியிருக்கார். டேஷ்போர்டுல விளக்கு சிமிட்டிக்கிட்டே இருந்திருக்கு. கொஞ்ச நேரம் பார்த்துட்டு, முதல் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டா, இன்ஜின் ஓடுது, சக்கரம் சுத்தல. வண்டி பின்னாடி உருள ஆரம்பிச்சிருச்சு. பிரேக்கை மிதிச்சும் ஈர மண்ணுல சறுக்கல். தோட்டத்து ஆள் ஒருத்தர் பெரிய கல்லை உருட்டிப் போட்ட பிறகுதான் நின்னிருக்கு. பின்னால ஓடைப் பள்ளம்.

ஒர்க்ஷாப்புல ஏற்கனவே ஒரு தடவை மோட்டாரை மாத்தி 18,000 ரூபாய் வாங்கியிருந்தாங்க. ரெண்டு வாரம் ஒழுங்கா இருந்துச்சு, மழை வந்ததும் பழைய கதை. இப்ப கட்டுப்பாட்டுப் பெட்டியையே மாத்தணும், 35,000 ஆகும்னு சொல்லிட்டாங்க. "மாப்ள, நீ எலெக்ட்ரானிக்ஸ் படிச்சவன்தானே, ஒரு தடவை பாரேன்"னார் மச்சான். எனக்கு வண்டி வேலை தெரியாது. ஆனா மீட்டர் பிடிக்கத் தெரியும். கடைசியில அதுவே போதுமா இருந்துச்சு. என்ன செஞ்சோம், ஏன் செஞ்சோம்னு இங்க எழுதி வைக்கிறேன்.

முதல்ல, உள்ள என்ன நடக்குது?

கியர்பாக்ஸுக்குப் பின்னாடி டிரான்ஸ்ஃபர் கேஸ்னு ஒரு பெட்டி. இன்ஜின் சக்தியை முன் ஷாஃப்ட்டுக்கும் பிரிச்சுக் கொடுக்கிறது அதோட வேலை. பழைய ஜீப்புகள்ல இதுக்குத் தனியா ஒரு லீவர் இருக்கும். புது வண்டிகள்ல லீவருக்குப் பதில் டேஷ்போர்டுல ஒரு திருகு ஸ்விட்ச்: டூ ஹெச், ஃபோர் ஹெச், ஃபோர் எல்.

நீங்க ஸ்விட்சைத் திருப்பும்போது எந்த கியரும் நேரா மாறுறதில்ல. ஸ்விட்ச் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு ஒரு விண்ணப்பம் போடுது. பெட்டி, வண்டி வேகம் எவ்வளவு, கியர் நியூட்ரல்ல இருக்கா, கிளட்ச் மிதிச்சிருக்கான்னு பார்த்துட்டு, டிரான்ஸ்ஃபர் கேஸ் மேல இருக்கிற சின்ன மோட்டாரை ஓட விடுது. மோட்டார் உள்ள இருக்கிற கேமைத் திருப்புது, கேம் கியரைத் தள்ளுது. மோட்டாரோடயே ஒரு நிலை உணரி இருக்கு. "இந்த இடத்துக்கு வந்துட்டேன்"னு அது சொன்னாத்தான் விளக்கு நிலையா எரியும். கேட்ட இடமும் வந்த இடமும் ஒத்துப்போகாத வரைக்கும் விளக்கு சிமிட்டும்.

இதுல ஓட்டுநர்கள் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கு. பல டிரான்ஸ்ஃபர் கேஸ்கள்ல ஃபோர் ஹெச்சுக்கும் ஃபோர் எல்லுக்கும் நடுவுல ஒரு நியூட்ரல் உண்டு. கேம் அதைத் தாண்டித்தான் போகணும். மோட்டார் பலம் பத்தாம அந்த இடத்துல நின்னுட்டா, கியர்பாக்ஸுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே கிடையாது. முதல் கியர் போட்டிருந்தாலும் வண்டி உருளும். மச்சானுக்கு நடந்தது இதுதான். அதனால, விளக்கு சிமிட்டுற வரைக்கும் கியரை நம்பாதீங்க. கைபிரேக்கும், சக்கரத்துக்குக் கல்லும்தான் காப்பு. வண்டிக்கு அடியில போய் வேலை பார்க்கிறவங்களுக்கு இது ரெண்டு மடங்கு பொருந்தும்.

மீட்டர் எப்படி ஏமாத்துது

ஒர்க்ஷாப்புல சோதிக்காம ஒண்ணும் சொல்லல. மோட்டார் கனெக்டர்ல 12 வோல்ட் வருதுன்னு பார்த்திருக்காங்க. எர்த் வயரை மீட்டர்ல வெச்சு 'பீப்' சத்தம் வருதுன்னும் பார்த்திருக்காங்க. ஸ்கேனர்ல "நிலை உணரி" கோளாறுன்னு வந்திருக்கு. வயர் நல்லா இருக்கு, மோட்டார் புதுசு, அப்ப பெட்டிதான்னு முடிவு பண்ணிட்டாங்க. கேட்க நியாயமாத்தான் இருக்கு.

மல்டிமீட்டரோட உள்தடை பொதுவா 10 மெகா ஓம். 12 வோல்ட்டை அளக்கும்போது அது எடுக்கிற மின்னோட்டம் ஒரு மைக்ரோ ஆம்பியர் சொச்சம். அம்பது இழை உள்ள வயர்ல நாப்பத்தொம்பது அறுந்து ஒண்ணு மட்டும் மிச்சம் இருந்தாலும் இவ்வளவு சின்ன மின்னோட்டம் தாராளமாப் போகும், மீட்டரும் 12 வோல்ட்னுதான் காட்டும். ஆனா மோட்டார் கேட்கிறது மைக்ரோ ஆம்பியர் இல்ல, பத்து ஆம்பியர் கிட்ட.

தண்ணிக் குழாயை நினைச்சுப் பாருங்க. முக்கால்வாசி அடைச்ச குழாயா இருந்தாலும், திறக்காம நிறுத்தி வெச்சா முழு அழுத்தம் இருக்கும். திறந்து குடத்தை வெச்சாத்தான் நூல் மாதிரி ஒழுகுறது தெரியும்.

'பீப்' சோதனையும் இதே கதைதான். அரை ஓம் தடை இருந்தாலும் மீட்டர் பீப் அடிக்கும். சாதாரண மீட்டரோட வயருக்கே கிட்டத்தட்ட அந்த அளவு தடை வந்துடும். அரை ஓம்ல பத்து ஆம்பியர் ஓடினா 5 வோல்ட் அங்கயே காலி.

நாங்க அளந்தது

வண்டியைச் சமதரையில நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் கட்டை கொடுத்து, கைபிரேக் இழுத்து, இன்ஜினை ஓட விடாம சாவியை மட்டும் போட்டோம். மச்சான் சீட்டுல, நான் அடியில. மோட்டார் ரெண்டு மூணு வினாடிதான் முயற்சி பண்ணும், அதுக்குள்ள அளவைப் பிடிக்கணும். அதனால ரெண்டு பேர் வேணும். "இப்ப திருப்புங்க மச்சான்"னு ஒரு இருபது தடவையாவது கத்தியிருப்பேன்.

மோட்டார் இழுக்கிற நேரத்துல பேட்டரியில 12.2 வோல்ட். மோட்டாரோட ரெண்டு வயருக்கும் நடுவுல 7.6 தான். அப்ப 4.6 வோல்ட் வழியில எங்கயோ போகுது. பேட்டரி பிளஸ்ஸில் இருந்து பெட்டி வழியா மோட்டார் வரைக்கும் அளந்தேன்: 0.3. மோட்டார்ல இருந்து திரும்பி எர்த் வழியா பேட்டரி மைனஸ் வரைக்கும்: 4.3. கணக்கு சரியாப் போச்சு. காணாமப் போன வோல்ட் எல்லாம் எர்த் பக்கம்.

கிளாம்ப் மீட்டர்ல மின்னோட்டம் 9 ஆம்பியர். 4.3-ஐ 9-ஆல வகுத்தா அரை ஓம் கிட்ட. பீப் அடிச்ச அதே அரை ஓம்.

எர்த் வயரைப் பிடிச்சுக்கிட்டே போனோம். பின்தொட்டிக்குக் கீழ, சேஸிஸ்ல ஒரு போல்ட்டுல முடிஞ்சுது. கழட்டினா லக்குக்கு அடியில வெள்ளையும் பச்சையுமாப் பொடி. மச்சான் தொட்டியில உர மூட்டை ஏத்துவார். பொட்டாஷ் உரம்கிறது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு, சமையல் உப்புக்குச் சொந்தக்காரன். சிந்தினது மழைத்தண்ணியில கரைஞ்சு, தொட்டி இடுக்கு வழியா வருஷக்கணக்கா அந்த போல்ட் மேலயே சொட்டியிருக்கு.

பெட்டியும் நிலை உணரியும் அதே எர்த்தைத்தான் நம்பியிருந்துச்சு. மோட்டார் இழுக்கும்போது பெட்டி பூஜ்யம்னு நினைக்கிற இடமே 4 வோல்ட் மேல எழும்பிடும். அப்புறம் உணரி சொல்றது எதுவும் பெட்டிக்குச் சரியாப் புரியாது. அதான் ஸ்கேனர்ல உணரி மேல பழி வந்துச்சு. கோளாறு எண் அறிகுறியை மட்டும்தான் சொல்லும், காரணத்தை நாமதான் தேடணும்.

மோட்டார் மாத்தினதும் ரெண்டு வாரம் எப்படி ஓடுச்சு? புது மோட்டார் லேசாச் சுத்தும், கம்மியான மின்னோட்டம் போதும், அதனால இழப்பும் கம்மி. வெயில் நாளா வேற இருந்துச்சு. துரு இன்னும் கொஞ்சம் ஏறி, மழையும் சேர்ந்ததும் பழைய நிலைமை.

பளபளன்னு செம்பு தெரியுற வரைக்கும் வயரை வெட்டி, புது லக் அழுத்தி, உரத்தண்ணி படாத இடத்துல சேஸிஸை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, பல் வாஷரோட முறுக்கி, மேல கிரீஸ் தடவினோம். மறுபடி அளந்தா எர்த் பக்கம் 0.08 வோல்ட். மோட்டார் 'கிர்ர்'னு ஒரு சத்தம், விளக்கு நிலையா நின்னுச்சு. செலவு நூறு ரூபாய்க்குள்ள.

உங்க வண்டிக்கு இதே மாதிரி ஆனா

1. சத்தம் கேளுங்க. ஸ்விட்சைத் திருப்பினதும் ரிலே 'டிக்'னு அடிக்குதா, மோட்டார் சுத்துற சத்தம் வருதா? மோட்டார் முழுசாச் சுத்தியும் முன் ஷாஃப்ட் இழுக்கலைன்னா கோளாறு பெரும்பாலும் இயந்திரப் பக்கம்.

2. நிபந்தனைகளைப் பாருங்க. ஸ்பீடோமீட்டர் வேலை செய்யலைன்னாலோ, நியூட்ரல் அல்லது கிளட்ச் ஸ்விட்ச் செத்திருந்தாலோ பெட்டி ஃபோர் எல்லுக்கு அனுமதியே தராது.

3. ஃபியூஸ் ரெண்டு இருக்கலாம். பெட்டிக்கு ஒரு சின்னது, மோட்டாருக்கு ஒரு பெரியது. விளக்கு எரியுதுங்கிறதால ரெண்டும் நல்லா இருக்குன்னு நினைச்சுக்காதீங்க.

4. மோட்டார் இழுக்கும்போது அளங்க. எர்த் பக்கம் 0.2 வோல்ட்டுக்கு மேல இழந்தா தேட ஆரம்பிக்கலாம். மோட்டாரை ஓட வைக்க முடியலைன்னா கனெக்டரைக் கழட்டி, மோட்டாருக்குப் போற தடித்த வயர்ல 55 வாட் ஹெட்லைட் பல்பைக் கட்டிப் பாருங்க, நாலரை ஆம்பியர் கிட்ட இழுக்கும். உணரி, ஸ்விட்ச் மாதிரி மெல்லிய வயர்கள்ல இந்த வேலை வேண்டாம், பெட்டி நிஜமாவே போயிடும்.

5. ஃபோர் ஹெச்ல இருந்து வெளிய வர மாட்டேங்குதா? காய்ஞ்ச தார் ரோட்டுல ஃபோர் வீல்ல ஓட்டியிருந்தா முன்னும் பின்னும் ஷாஃப்ட் முறுக்கிக்கிட்டு நிக்கும். கொஞ்ச தூரம் ரிவர்ஸ் எடுத்தா விட்டுடும். இதுக்கு மீட்டர் தேவையில்ல.

மோட்டாருக்குக் கொடுத்த 18,000 திரும்பி வராது. அதைப் பத்திப் பேச்சை எடுத்தா மச்சான், "பள்ளத்துல விழாம போச்சே, விடு மாப்ள"ங்கிறார். இப்பல்லாம் உர மூட்டைக்குக் கீழ தார்ப்பாய் விரிக்கிறார். அந்தக் கல்லையும் வண்டியிலயே வெச்சிருக்கார்.