எரிந்த சுவர் காட்டிக் கொடுத்த தேவாலயம்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலக் கடலோரத்தில் செயின்ட் கேத்தரின்ஸ்னு ஒரு தீவு இருக்கு. குவாலே என்ற பழங்குடி மக்களின் ஊர் அது. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியப் பாதிரியார்கள் அங்கே சாண்டா கட்டலினா மிஷனை அமைத்தார்கள். 1597-ல் குவாலே மக்கள் கிளர்ந்தெழுந்தபோது தேவாலயம் எரிந்தது. திரும்பக் கட்டினாங்க. 1680-ல் ஆங்கிலேயர் தரப்பு தாக்கியதும் மிஷனையே கைவிட்டுட்டாங்க. அப்புறம் காடு மூடி, இடமே தெரியாமப் போச்சு.

1981-ல் டேவிட் ஹர்ஸ்ட் தாமஸ் என்ற தொல்லியலாளரின் குழு, மேக்னெட்டோமீட்டர் வைத்துத் தரையை அளந்தது. மண்ணுக்குள்ள கிடக்கிற தேவாலயம் அதில் எப்படித் தெரியும்?

அந்தச் சுவர்கள், குச்சிகளைப் பின்னிக் களிமண் பூசியவை. களிமண்ணில் இரும்பு ஆக்சைடு உண்டு. நன்றாகச் சூடாகி ஆறும்போது, பூமியின் காந்தப்புலம் அதில் அப்படியே பதிந்துவிடும். பக்கத்து மண்ணில் இது இருக்காது. அந்தச் சின்ன வித்தியாசத்தைத்தான் கருவி பிடிக்குது. அதாவது, தேவாலயத்தை அழித்த தீயே அதன் முகவரியையும் எழுதி வச்சிட்டுப் போயிருக்கு! தேவாலயம், சமையலறை, கிணறு என மூன்று இடங்கள் சிக்கின.

தேவாலயத் தரைக்கடியில் 400-க்கும் மேற்பட்டோர் புதைக்கப்பட்டிருந்தார்கள். பெரும்பாலும் குவாலே மக்கள். கூடவே ஆயிரக்கணக்கில் மணிகள்.

நம்ம லேப் சோதனை சொதப்பினா திரும்பச் செய்யலாம். தோண்டின மண்ணைப் பழையபடி அடுக்க முடியாது. அதுவும் கீழே இருப்பது கல்லறை என்றால், முதலில் அளப்பது வெறும் டெக்னிக் இல்லை, மரியாதையும்கூட.