இயந்திரம் எழுப்பும் ஒலிகள்

தாராவியிலும் செம்பூரிலும் வாழும் தமிழர் பலருக்கு மோட்டார் சைக்கிளே பிழைப்புக்குரிய கருவி. உணவுப் பொட்டலம் கொண்டு சேர்ப்பவரின் வண்டி ஒரு நாள் நின்றால், அன்றைய வருமானமும் நின்றுவிடும். ஆகவே, கோளாற்றைத் தொடக்கத்திலேயே அறிதல் நன்று. அதற்குச் செவியே முதற்கருவி.

சீரற்ற ஓட்டம்

வண்டி நிற்கும்போது, ஆக்சிலரேட்டரைத் திருகாமலே இயந்திரம் மெதுவாக ஓடுவதை 'ஐடிலிங்' என்பர். சிறிய வண்டிகள் பலவற்றில் இயந்திரம் அப்போது நிமிடத்திற்கு ஏறத்தாழ 1,400 முறை சுழலும். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை பெட்ரோல் எரிவதால், நிமிடத்திற்கு 700 முறை எரிதல் நிகழும். இவற்றுள் சில தவறினாலும் ஓசையின் தாளம் குலையும், வண்டி குலுங்கும், சிக்னலில் அணைந்துவிடும்.

எரிதலுக்குக் காற்று, பெட்ரோல், தீப்பொறி ஆகிய மூன்றும் வேண்டும். ஆய்வும் இம்மூன்றிலிருந்தே தொடங்கும். ஏர் ஃபில்டரில் தூசி அடைத்துள்ளதா, மழைநீர் புகுந்துள்ளதா என்று காண வேண்டும். பின்னர் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் முனையை நோக்க வேண்டும். முனை வெளிர்பழுப்பாக இருந்தால் குறையில்லை. உலர்ந்த கரி படிந்திருந்தால், காற்றைவிடப் பெட்ரோல் மிகுதியாகச் செல்கிறது எனலாம். எண்ணெய்ப் பசை இருந்தால், எரியும் அறைக்குள் எஞ்சின் ஆயில் கசிகிறது எனலாம்.

கார்ப்பரேட்டர் உள்ள வண்டிகளில், ஐடிலிங்கிற்குரிய பெட்ரோல் மிகச் சிறிய துளை வழியே வரும். அதை ஒரு துகள் அடைத்தாலும் இயந்திரம் திணறும். வேகமாகச் செல்லும்போது பெரிய துளை பெட்ரோல் தருவதால் குறை மறைந்துவிடும். எனவே, நிற்கும்போது திணறி, ஓடும்போது சீராகும் வண்டியில் அச்சிறு துளையை ஐயுற வேண்டும்.

ஒலியும் இரட்டைக்கிளவியும்

மெக்கானிக்கிடம் "ஏதோ சத்தம் வருகிறது" என்று கூறுவது போதாது. எத்தகைய ஒலி, எங்கிருந்து, எப்போது எழுகிறது எனக் கூற வேண்டும். இதற்குத் தமிழின் இரட்டைக்கிளவி பெரிதும் உதவும். பிரித்தால் பொருள் தராமல், இரட்டித்தே வந்து பொருள் தரும் சொல் இரட்டைக்கிளவி.

இயந்திரத்தின் மேற்பகுதியில் 'டக்டக்' என ஒலித்தால், டேப்பெட்டின் இடைவெளி கூடியிருக்கலாம். இயந்திரத்தை அணைத்து வண்டியைத் தள்ளும்போதும் 'கரகர' என ஒலித்தால், கோளாறு செயினிலோ சக்கரத்திலோ இருக்கும். வேகத்தைக் குறைக்கும்போது சைலன்சர் 'படபட' என வெடித்தால், அதன் இணைப்பில் கசிவு இருக்கலாம். அடிப்பகுதியிலிருந்து கனத்த 'கடகட' ஒலி எழுந்தால் வண்டியை உடனே நிறுத்தி, ஆயில் அளவைப் பார்க்க வேண்டும். தொடர்ந்து ஓட்டினால் இயந்திரமே பாழாகும்.

மழைக்கால எச்சரிக்கை

2005 ஜூலை 26 அன்று தொடங்கி 24 மணி நேரத்தில், மும்பை சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. இத்தகைய வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை உடனே ஸ்டார்ட் செய்தல் கூடாது. காற்றைப்போல நீர் அமுங்காது. சிலிண்டருக்குள் புகுந்த நீரைப் பிஸ்டன் அழுத்த முயன்றால், பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். முதலில் பிளக்கைக் கழற்றி நீரை வெளியேற்ற வேண்டும். ஆயில் பால்போல வெளுத்திருந்தால் அதில் நீர் கலந்துள்ளது. அதை மாற்ற வேண்டும்.

மூடிய அறையில் இயந்திரத்தை ஓடவிட்டுச் சோதித்தல் ஆகாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது உயிரைப் பறிக்கும். மாணவர்கள் ஒலியைக் கேட்டுச் சொல்லலாம்; கழற்றும் பணியைப் பெரியவர்களே செய்ய வேண்டும்.

சொற்பொருள்

துகள் – மிகச் சிறிய தூள்
ஐயுறுதல் – சந்தேகப்படுதல்
அமுங்குதல் – அழுத்தத்தால் சுருங்குதல்

பயிற்சி

1. நிற்கும்போது திணறும் வண்டி, ஓடும்போது சீராவது ஏன்?
2. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை உடனே ஸ்டார்ட் செய்யக் கூடாது. காரணம் கூறுக.
3. உங்கள் தெருவில் கேட்கும் ஐந்து ஒலிகளை இரட்டைக்கிளவியால் எழுதுக.