கௌசல்யாவா, கெளசல்யாவா? பத்திரிகை அடிக்கப் போன இடத்தில் படித்த பாடம்

போன வாரம் காஞ்சிபுரத்துல ஒரு கல்யாண வேலை. காந்தி ரோட்டுல மூணு கடை ஏறி இறங்கி முகூர்த்தப் புடவை எடுத்தாச்சு. கையோட பத்திரிகையும் வாங்கிட்டு வந்துடலாம்னு அச்சகத்துக்குப் போனோம். 600 கார்டு, கட்டுக்கட்டா ரெடி. அத்தை மேல இருந்த ஒண்ணைப் பிரிச்சாங்க, முகம் மாறிடுச்சு.

மணப்பெண் பேரு கௌசல்யான்னு வெச்சுக்குவோம். டிசைன்ல முதல் எழுத்தை மட்டும் பெருசா, சிவப்புல போடச் சொல்லியிருந்தோம். வந்தது என்னன்னா, பெரிய சிவப்பு ‘கெ’, அதுக்குப் பக்கத்துல சின்னதா, கறுப்பா ‘ளசல்யா’. யார் படிச்சாலும் ‘கெள-சல்யா’ன்னுதான் படிப்பாங்க. செத்துப்போன பாட்டியோட பேரைத்தான் பொண்ணுக்கு வெச்சிருக்காங்க. அத்தை அங்கேயே கண் கலங்கிட்டாங்க. முகூர்த்தத்துக்கு 18 நாள்தான் இருக்கு.

அச்சகக்காரர் மேல கோபப்படலாம். ஆனா அவர் திரையில எங்களுக்குக் காட்டினப்போ நாங்க எல்லாருமே ‘கௌசல்யா’ன்னுதான் படிச்சோம். சரின்னு தலையாட்டினதும் நாங்கதான். அப்போ தப்பு எங்க நடந்துச்சு?

இதுக்குக் கொஞ்சம் பின்னாடி போகணும். யூனிகோடு வர்றதுக்கு முன்னாடி பாமினி மாதிரி எழுத்துருக்கள்தான் அச்சகங்கள்ல ராஜ்ஜியம். பாமினியில உண்மையில தமிழே கிடையாது. உள்ளே இருக்கிறது ஆங்கில எழுத்து, மேலே போட்ட சட்டை மட்டும்தான் தமிழ். எம், கே, செமிகோலன், கே, ஹெச்னு அடிச்சா ‘அம்மா’ன்னு தெரியும். எழுத்துருவை மாத்தினா அம்மா காணாமப் போயிடுவாங்க. பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது, அதோட கடைசிப் பதிப்பு 2001-ல வந்தது. அதை நம்பி வருஷக்கணக்கா மேட்டர் சேர்த்து வெச்சிருக்கிறவங்க இன்னும் பாமினியிலேயே இருக்காங்கன்னா அதுல ஆச்சரியம் இல்ல.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். டைப்ரைட்டர் காலத்துல இருந்தே ‘கௌ’வுக்குப் பின்னாடி வர்ற அந்தக் குறிக்குத் தனி விசை கிடையாது. பார்க்க ‘ள’ மாதிரியே இருக்கிறதால, ‘ள’வையே போட்டுடுவாங்க. பாமினியிலும் அதே கதைதான்: கொம்பு, க, ள, மூணு தட்டு. காகிதத்துல இதனால ஒரு நஷ்டமும் இல்ல. ஆனா அந்த மேட்டரை கன்வெர்ட்டர்ல போட்டு யூனிகோடா மாத்தும்போது, அந்த ‘ள’ நிஜ ‘ள’வா, இல்ல ஔகாரத்தோட பாதியான்னு மெஷின் ஊகிக்கணும். பல நேரம் ஊகிக்காது, ‘கெ’ ஒரு எழுத்து, ‘ள’ ஒரு எழுத்துன்னு அப்படியே விட்டுடும்.

யூனிகோட்டுல ‘கௌ’ங்கிறது க, அதுக்கு அப்புறம் ஒரே ஒரு ஔகாரக் குறி, அவ்வளவுதான். கொம்பு இடப்பக்கம் போறதும், மத்தது வலப்பக்கம் நிக்கிறதும் எழுத்துருவோட வேலை. அதனால மவுஸால தேர்ந்தெடுத்தா மொத்தமும் ஒண்ணா வரும். எங்க டிசைனர் முதல் எழுத்தைத் தேர்ந்தெடுத்தப்போ ‘கெ’ மட்டும் மாட்டினதுக்குக் காரணம் இதுதான். பழைய உறவுக்காரக் கல்யாணத்துப் பத்திரிகையில இருந்து எடுத்து மாத்தின மேட்டர் அது.

புடவையைத் திருப்பிப் பார்த்தாத்தான் நெசவு தெரியும்னு நெசவாளர்கள் சொல்றது இங்கேயும் பொருந்தும். திருப்பிப் பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கு. சந்தேகமான எழுத்துக்குப் பின்னாடி கர்சரை வெச்சு, பேக்ஸ்பேஸை ஒரே ஒரு தடவை தட்டுங்க. ‘க’ மிச்சம் இருந்தா நல்ல கௌ. ‘கெ’ மிச்சம் இருந்தா போலி. இன்னொரு வழி, கன்ட்ரோல் எஃப் போட்டு ‘கெள’ன்னு தேடுங்க. மாட்டினா, அடுத்த எழுத்தோட சேர்த்துப் படிச்சுப் பார்த்து மாத்துங்க. கண்ணை மூடிட்டு ரீப்ளேஸ் ஆல் மட்டும் குடுத்துடாதீங்க, ‘கெளுத்தி’ மீன் ‘கௌத்தி’ ஆகிடுமோ இல்லையோ, வேற ஏதாவது ஒண்ணு ஆகிடும். ‘ஔவையார்’ கதையும் இதேதான். ‘ஒ’வும் ‘ள’வும் சேர்த்து அடிச்ச ஒளவையார்கள் இணையம் முழுக்க இருக்காங்க, சரியா அடிச்சுத் தேடினா சிக்க மாட்டாங்க.

காஞ்சிபுரத்துல இன்னொண்ணு கட்டாயம் வரும்: ஸ்ரீ. காமாட்சி அம்மன், வரதராஜப் பெருமாள், ஏகாம்பரநாதர்னு எந்தச் சன்னிதியைப் போட்டாலும் ‘ஸ்ரீ’ இல்லாம பத்திரிகை ஆரம்பிக்காது. இதுக்கும் ரெண்டு உள்கட்டு உண்டு. ஒண்ணு ‘ஸ’வுல ஆரம்பிக்கிறது, இன்னொண்ணு ‘ஶ’வுல ஆரம்பிக்கிறது. இந்த ‘ஶ’ யூனிகோட்டுக்குள்ள வந்ததே 2005-ல. அதுக்கு முன்னாடி செஞ்ச எழுத்துருவுல அந்த எழுத்தே இருக்காது. உங்க போன்ல அழகா இருக்கிற ஸ்ரீ, அச்சகத்துப் பழைய கம்ப்யூட்டர்ல கட்டமா நின்னா, ‘ஸ’ போட்டுத் திரும்ப அடிச்சுப் பாருங்க.

வேர்டுல ஒரு தலைவலி இருக்கு. எழுத்துருவை மாத்துறீங்க, ஆங்கிலம் மாறுது, தமிழ் அசையவே மாட்டேங்குது. காரணம், வேர்டு தமிழை ‘காம்ப்ளெக்ஸ் ஸ்க்ரிப்ட்’னு ஒரு தனி டப்பாவுல வெச்சிருக்கு. ஃபான்ட் விண்டோவைத் திறந்து அங்க இருக்கிற பெட்டியில மாத்தணும். ஹீப்ருவும் அரபும் இதே டப்பாவுலதான் இருக்கு. ஹீப்ருல குழந்தைகள் புத்தகம், பிரார்த்தனைப் புத்தகம் மாதிரி நூல்கள்ல உயிரொலியை எழுத்துக்குக் கீழேயும் மேலேயும் சின்னப் புள்ளியா வைப்பாங்க. பொருத்தமில்லாத எழுத்துருல அந்தப் புள்ளி நகர்ந்து பக்கத்து எழுத்துக்குக் கீழ போய் நிக்கும். நம்ம கொம்பு வழி தவறி, புள்ளி போட்ட வட்டத்தோட தனியா நிக்கிறது மாதிரிதான்.

வரி இடைவெளியை ‘எக்ஸாக்ட்லி’ன்னு வெச்சிருந்தா ‘கீ’யோட சுழி மேல வெட்டுப்படும். ‘சிங்கிள்’னு மாத்தினா சரியாகிடும். இன்டிசைன்ல கொம்பு எல்லாம் தப்பான பக்கம் நின்னா, பாராகிராஃப் பேனல் மெனுவுல வேர்ல்ட்-ரெடி கம்போஸரைத் தேர்ந்தெடுங்க, பாதிப் பிரச்சினை தீர்ந்துடும்.

அச்சகத்துக்கு வேர்டு ஃபைலை அப்படியே வாட்ஸ்அப்ல அனுப்பாதீங்க. உங்க எழுத்துரு அங்க இல்லைன்னா வேற ஒண்ணை அதுவா போட்டுக்கும், வரி மடங்கும் இடம் மாறும். எழுத்துருவை உள்ளே பதிச்ச பிடிஎஃப் அனுப்புங்க. பிடிஎஃப்பும் பிரின்டர்ல குழறினா, அக்ரோபேட் ரீடர்ல பிரின்ட் குடுக்கும்போது அட்வான்ஸ்டுக்குள்ள ‘பிரின்ட் ஆஸ் இமேஜ்’ இருக்கு. கோரல்டிராவுல வேலை செய்யுறவங்க ‘கன்வெர்ட் டு கர்வ்ஸ்’ பண்ணிடுவாங்க. அப்புறம் எழுத்து படமாகிடும், எங்கேயும் உடையாது. ஆனா திருத்தவும் முடியாது. அதனால அதுக்கு முன்னாடி ஒரு புரூஃப் காகிதத்துல எடுத்து, மேட்டரை எழுதாத ஒருத்தரை விட்டுச் சத்தமா வாசிக்கச் சொல்லுங்க. திரையில ஆறு பேர் தவறவிட்டதை ரெண்டாவது புரூஃப்ல பெரியப்பா கண்ணாடியைத் தூக்கிப் பிடிச்சு நிமிஷத்துல சொன்னார், ‘ஸ்ரீ’யில இருந்து முகவரி வரைக்கும் எல்லாம்.

அச்சகக்காரர் நல்ல மனுஷன். காகிதக் காசு மட்டும் வாங்கிட்டு நாலே நாள்ல திரும்ப அடிச்சுக் குடுத்தார். பழைய 600 கார்டும் அத்தை வீட்டு அலமாரியிலதான் இருக்கு. பின்பக்கம் காலியா இருக்கிறதால மளிகை லிஸ்ட் அதுலதான் எழுதறாங்க.