சொந்த வீட்டுத் தண்ணி வேலை: பைப்புக்காரரிடம் கணக்காகப் பேசுங்கள்



லயத்து வீட்டில் பைப்பு உடைந்தால் நாம் என்ன செய்தோம்? ஆபீசுக்குப் போய் கிராணியாரிடம் சொன்னோம். இரண்டு நாள் தாமதமானாலும் ஆள் வந்து ஒட்டிவிட்டுப் போனார். நம் கைக்காசு போகவில்லை. தோட்டக் குடியிருப்புக்கு இலவசமாகப் போதிய குழாய்த் தண்ணீர் கொடுப்பது முதலாளியின் கடமை என்று 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டமே சொல்கிறது. அதனால் பைப்புக்காரரிடம் விலை பேசிப் பழகியவர்கள் நம்மில் குறைவு.

இப்போது பலர் தோட்டத்தைவிட்டு வெளியே ஒரு துண்டு நிலம் வாங்கி வீடு கட்டுகிறார்கள். கட்டுகிற காசு ஏது? பெரும்பாலும் ஊழியர் சேமநிதிதான். 2024 மே மாதத்திலிருந்து சேமநிதி மூன்று கணக்காகப் பிரிந்திருக்கிறது. வீட்டுக்காக எடுக்கும் பணம் ‘செஜாத்ரா’ கணக்கிலிருந்துதான் வரும். மாதாமாதம் சேரும் தொகையில் 15 விழுக்காடுதான் அதில் விழுகிறது. விடியற்காலையில் மரம் சீவியும், குலை வெட்டியும் சேர்த்த காசு. அதைத் தண்ணி வேலையில் கோட்டைவிடலாமா?

“எல்லாம் சேர்த்துப் பேசிட்டேங்க, தம்பி நல்ல ஆளு, நம்ம பக்கத்துப் பையன்தான்” என்பார்கள். எல்லாம் என்றால் எது எது என்று கேட்டால் பதில் இருக்காது. தகராறு பிறக்கும் இடம் இதுதான்.

பைப்புக்காரர்கள் பெரும்பாலும் ‘பாயிண்டு’ கணக்கில் விலை சொல்வார்கள். தண்ணீர் வந்து நிற்கும் ஒவ்வோர் இடமும் ஒரு பாயிண்டு. மூன்று அறை, இரண்டு குளியலறை உள்ள ஒரு தரைவீட்டை எடுத்துக்கொள்வோம். குளியலறை ஒன்றுக்கு ஷவர், பேசின், கழிப்பறைத் தொட்டி, கழுவும் குழாய் என்று 4. இரண்டுக்கும் 8. குசினியில் சிங்க் ஒன்று, துணி துவைக்கும் மெஷின் ஒன்று, வாசலில் ஒன்று, மேல்தொட்டிக்கு ஏறும் பைப்பு ஒன்று. ஆக 12. இதோடு முடிந்ததா? வந்த தண்ணீர் வெளியே போகவேண்டாமா? குளியலறைக்கு 3 வீதம் 6, சிங்குக்கு ஒன்று, மெஷினுக்கு ஒன்று என்று கழிவுப் பக்கம் 8 வரும்.

இப்போது ஒருவர் பாயிண்டுக்கு 150 வெள்ளி என்கிறார், இன்னொருவர் 110 வெள்ளி என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். (இது கணக்குக்காகச் சொல்லும் விலை. ஊருக்கு ஊர், சாமானுக்குச் சாமான் மாறும்.) 150 சொன்னவர் கழிவுப் பைப்பையும் அதிலேயே சேர்த்துவிட்டார் என்றால் 12 பாயிண்டுக்கு 1,800 வெள்ளி. 110 சொன்னவர் கழிவைத் தனியாக எண்ணுகிறார் என்றால் 20 பாயிண்டுக்கு 2,200 வெள்ளி. மலிவு என்று நினைத்தவரிடம் 400 வெள்ளி கூடக் கொடுக்கிறோம்! ஆகவே விலை கேட்கும் முன் வீட்டுப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நீங்களே எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையை எழுதி மூன்று பேரிடம் கொடுத்து விலை கேளுங்கள். கூலி தனி, சாமான் தனி என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பைப்பு எந்த ரகம், குழாய்த் தலை யார் வாங்குவது, செப்டிக் டேங்க் வரை பைப்பு இழுப்பது யார் என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும்.

மேல்தொட்டியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். நம் நாட்டில் குசினிக் குழாய்க்கு மெயின் பைப்பிலிருந்து நேராகத் தண்ணீர் வரும். மற்றதெல்லாம் தொட்டியிலிருந்து இறங்கும். 200 கேலன் தொட்டி நிறைந்தால் தண்ணீர் மட்டுமே 900 கிலோவுக்கு மேல் கனக்கும். அதைத் தாங்கும் மேடையைப் போடுவது பைப்புக்காரரா, கொத்தனாரா? இருவரும் ஒருவரையொருவர் கை காட்டினால் நடுவில் நிற்பது நாம்தான்.

தீபகற்பத்தில் 2006ஆம் ஆண்டின் நீர்ச் சேவைத் தொழில் சட்டப்படி, குழாய் வேலைக்கு ‘ஸ்பான்’ எனும் தேசிய நீர்ச் சேவை ஆணையத்தின் பெர்மிட் வேண்டும். “பெர்மிட் இருக்கா தம்பி, கொஞ்சம் காட்டுங்க” என்று கேட்பதில் வெட்கம் எதற்கு? மீட்டருக்குக் கட்டும் வைப்புத்தொகை மாநிலத் தண்ணீர் நிறுவனத்துக்குப் போவது. அதைப் பைப்புக்காரர் கையில் கொடுத்தால், நிறுவனத்தின் ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

காசு கொடுக்கும் முறைக்கு வருவோம். பாதிக்கு மேல் முன்பணம் கேட்பவரிடம் கவனமாக இருங்கள். பகாவ் பக்கம் ஓர் அண்ணன், வேலை தொடங்கிய வாரமே முக்கால் தொகையைக் கொடுத்துவிட்டார். பையன் அடுத்த வேலைக்குப் போய்விட்டான். தரையில் மார்பிள் ஒட்டி மூன்று மாதம் கழித்து, குளியலறைச் சுவர் ஈரம் கசிந்து ஊதியது. மார்பிளை உடைத்து, பைப்பை மாற்றி, திரும்ப ஒட்டினார்கள். அதே நிறத்து மார்பிள் கடையில் இல்லை. “இப்ப என் பாத்ரூமு ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி இருக்கு” என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னாலும், செலவான காசு சிரிக்கிற காசு அல்ல.

சுவரைப் பூசும் முன், தரையை மூடும் முன் சோதனை பார்க்கவேண்டும். பைப்பு வாய்களை அடைத்து, தண்ணீரை அழுத்தமாக ஏற்றி, சில மணி நேரம் விட்டு, மூட்டு மூட்டாகத் தடவிப் பாருங்கள். கழிவுப் பைப்பையும் அடைத்து நிரப்பிப் பாருங்கள், மட்டம் இறங்கக்கூடாது. 4 அங்குலக் கழிவுப் பைப்புக்கு 10 அடிக்கு 3 அங்குலம் சரிவு இருந்தால் நல்லது. இந்தச் சோதனை முடிந்த பிறகே அடுத்த தவணை. பத்தில் ஒரு பங்கையாவது, குடிபுகுந்து இரண்டு மூன்று மாதம் ஆகும்வரை கையில் வைத்திருங்கள். இதையும் முதலிலேயே எழுதிவிடுங்கள், இல்லையென்றால் சண்டைதான் வரும். குடிபோன பிறகு எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள். முள் சுற்றினால் எங்கோ ஒழுகுகிறது.

பூசும் முன் பைப்பு ஓடும் சுவர்களைக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். பிறகு அலமாரிக்கு ஆணி அடிக்கும்போது உங்கள் மகன் நன்றி சொல்வான்.

அப்படியும் ஏமாற்றப்பட்டால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரை வழக்குப் போடலாம், மனுக் கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் தேவையில்லை. ஆனால் அங்கே எழுதிய தாளும் ரசீதும் கேட்பார்கள். பிஸ்கட் டின்னில் நிலப்பட்டாவோடு அதையும் சேர்த்து வையுங்கள்.